முதல் வெட்டு

எங்கள் ஊரில் மாடாய் உழைத்த சொல் ஒன்று உண்டென்றால் அது ‘வெட்டு’. வாய்க்காலை வெட்டுவோம், வரப்பை வெட்டுவோம், கிடாயை வெட்டுவோம், ஆத்திரம் வந்தால் ஆளையும் வெட்டுவோம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே பதினோரு வயதில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நானும் சமர்த்தாக அங்கேயே பன்னிரண்டு வருஷம் நின்றேன். வெளியே வருவதற்கு இங்கிலாந்து வரைக்கும் போய் மண் வெட்ட வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பா கட்சிக்காரர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கே கூட்டம் நடந்தாலும் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் யாராவது முழங்கினால் முதல் கைதட்டு அவருடையது. எங்களுக்கு ஒரு வேலி நிலம், அதாவது ஆறேழு ஏக்கர். கிழக்கே இருந்தது பெரிய மிராசுதாரின் நிலம். அந்த மனிதர் கன்றுக்குட்டியின் பெயரில்கூடப் பத்திரம் எழுதி வைத்திருப்பதாக ஊரில் பேச்சு. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்பு. மிராசுதாரின் கையில் இருந்தவரை அந்த வரப்பில் அப்பா ஒரு விரற்கடை மண்ணைக்கூடத் தொட்டதில்லை.

பிறகு உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் மூன்று மாவுக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, கீழத்தெருக்காரர் ஒருவருக்குப் பட்டா கொடுத்தார்கள். அவர் அதுவரை எங்கள் வீட்டில் ஏர் ஓட்டியவர். எங்கள் கொல்லைப்புறத்தில் நின்று, குனிந்து, இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அவர் பட்டாவை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. “நேத்து வரைக்கும் நம்ம ஏர்ல நின்னவன் இன்னிக்கு நம்ம வரப்புல நிக்கிறான்டி” என்று அம்மாவிடம் சொன்னார். கூட்டத்தில் கைதட்டிய அதே ஆள்தான். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்பார்களே, அது எங்கள் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் ரத்தம் பார்க்காத அறுவடை இல்லை. கூலி நெல் கூட்டிக் கேட்டு வயலில் செங்கொடி ஊன்றுவார்கள். நிலக்காரர்கள் வெளியூர் ஆளை லாரியில் இறக்குவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் யாருக்காவது விரல் இருக்காது, இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது கூரை இருக்காது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் நொண்டி விளையாடும்போதே ‘போலீஸ் லாரி வருது’ என்று ஒருத்தி கத்துவாள், எல்லோரும் ஓடுவோம். அதுவும் எங்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.

பட்டா கிடைத்து மூன்று சம்பா முடிந்து நாலாவது சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஒரு காலையில் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் பழையது எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கிழக்கு வரப்பில் அந்தப் பட்டாக்காரர் நின்றுகொண்டிருந்தார். தன் பக்கத்திலிருந்து வரப்பை வெட்டி, அந்த மண்ணை எங்கள் பக்கம் எறிந்துகொண்டிருந்தார். அப்பா மடையிலிருந்து ஓடி வந்தார்.

“எங்க வரப்பையாடா வெட்டுற?”

அவர் நிமிர்ந்தார். “என் எடத்துலதாங்க வெட்டுறேன். கயிறு போட்டுப் பாத்துக்குங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவின் மண்வெட்டி ஏறியது. அவர் தன்னுடையதைக் கீழே போட்டுவிட்டு இடது கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினார். காய்ந்த தென்னை மட்டையை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம் கேட்டது. இரண்டாவது வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. அவர் சேற்றில் மல்லாந்து விழுந்தார். மூன்றாவது வெட்டுக்கு அவசியமே இல்லை; அப்பா அதையும் போட்டார். என்னைப் பார்த்து “பாப்பா” என்றார், என் அப்பா அல்ல, சேற்றில் கிடந்தவர். அப்பா திரும்பி, “வூட்டுக்குப் போடி” என்று கத்தினார். நான் போனேன். தூக்குச்சட்டியில் ஒரு பருக்கை சிந்தாமல் திருப்பிக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். இன்றுவரை எனக்கு என் மேல் அருவருப்பு வருவது அந்தச் சிந்தாத சோற்றுக்காகத்தான்.

அன்று சாயங்காலம் கீழத்தெரு ஆட்கள் எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். பதிலுக்கு எங்கள் தெரு ஆட்கள் போய்க் கீழத்தெருவில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஒரு கிழவரை வெளியே இழுத்துப் போட்டுக் காலை உடைத்தார்கள். அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எங்கள் வயலில் கீழத்தெரு ஆள் ஒருவரும் கால் வைக்கவில்லை. நடவுக்கு வெளியூர்ப் பெண்களைக் கூட்டி வந்தோம். வரப்பு வேலைக்கு ஒருவரும் வரவில்லை. அதனால் அடுத்த சம்பாவுக்கு அம்மாவும் நானும்தான் அண்டை வெட்டினோம். அண்டை வெட்டுவதென்றால், நடவுக்கு முன் வரப்பின் பக்கவாட்டைப் புல்லோடு செதுக்கிச் செங்குத்தாக்குவது. எனக்கென்று ஒரு சின்ன மண்வெட்டி. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து, அதிலேயே காய்ப்புக் காய்த்தது. கை அந்த வேலையைப் பிடித்துக்கொண்டது.

விசாரணைக்கு முன் அப்பாவின் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சுட்ட வடையைச் சாப்பிட்டுவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார்.

“முதல்ல வெட்டுனது யாரு பாப்பா?”

“அவந்தான். அவன் எங்க வரப்ப...”

“‘அவந்தான்’. அது போதும். மிச்சத்த முழுங்கிடு.”

எங்கள் தெருப் பிள்ளைகள் கீழத்தெருவில் தலை நரைத்தவரையும் அவன் இவன் என்றுதான் சொல்வோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாலோடு வந்துவிடும்.

கோர்ட்டில் வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார், நான் அதே பதிலைச் சொன்னேன். எதை வெட்டினான் என்று என்னை யாரும் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப் பார்த்தார், நான் அழுதேன், குழந்தை பயப்படுகிறது என்று விட்டுவிட்டார்கள். செத்துப்போனவரின் மனைவி எழுந்து, “எங்க எடத்துலதாங்க வெட்டுனாரு, அளந்து பாருங்கய்யா” என்று கத்தினாள். உட்காரச் சொன்னார்கள். தன்னைக் காத்துக்கொள்ள அடித்தது என்று அப்பா விடுதலையாகி மாலையோடு வந்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. இதுதான் என் ஊன்றுகோல். முதலில் வெட்டியது அவர்தானே? வரப்பைத்தான், இருக்கட்டும், வெட்டினார் இல்லையா? அவர் எங்கள் வரப்பைத் தொடாமல் இருந்திருந்தால் அப்பா ஏன் கை ஓங்கப் போகிறார்? தஞ்சாவூரில் விடுதியில் இருந்து பி.ஏ. படித்தபோதும், சென்னையில் தொல்லியல் படித்தபோதும் ராத்திரியில் விழிப்பு வந்தால் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி தூங்குவேன்.

இங்கிலாந்தில் எட்டு வாரம் அகழாய்வுப் பயிற்சிப் பள்ளி என்று ஓர் உதவித்தொகை கிடைத்தது. ஊரில் ஒரே சிரிப்பு. “மண்ணு வெட்டச் சீமைக்கா போவணும்? பெரிய வாய்க்கால்ல தூர் வாருறாங்க, வந்தா மதியச் சோறும் உண்டு” என்றார் டீக்கடைக்காரர். அப்பாவுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. வாசலுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விமான டிக்கெட்டைக் காட்டினார். எனக்குக் கம்பளிச் சட்டை வாங்க நாகப்பட்டினம் கடைத்தெரு முழுக்க வெயிலில் அலைந்தார். கொலைகாரக் கைதான், அந்தக் கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்ததும் அதே கைதான். இரண்டையும் நான் என்ன செய்வது?

எங்களை இறக்கிய இடம் எப்போதோ ஆட்கள் விட்டுப்போன ஒரு கிராமத்தின் வயல்காடு. களிமண். ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். எனக்குப் பார்த்த முகமாக இருந்தது. தரையைச் சதுரம் சதுரமாகக் குழி பிரித்திருந்தார்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டாமல் ஒரு மண்சுவரை விட்டார்கள். அதற்கு ‘பால்க்’ என்று பெயர் சொன்னார்கள். நான் நோட்டில் ‘வரப்பு’ என்று எழுதிக்கொண்டேன். ஆழம் போகப் போக, எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் வந்தது என்று அந்தச் சுவரில்தான் படிக்க வேண்டும். அதனால் அதை யாரும் குறைக்கக் கூடாது, அதன் ஓரத்தில் நடக்கவும் கூடாது. நடக்கக் கூடாத வரப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். முதல் இரண்டு நாளும் கால் தானாக அதன் மேல் ஏறியது, திட்டு வாங்கினேன்.

மற்றபடி எனக்கு ராஜ மரியாதை. கூட வந்தவர்கள் கொத்துக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே முன்னால் போய், சுத்தம் செய்த இடத்தின் மேலேயே முட்டி போட்டார்கள். நான் நடவுக்காரிகளைப் போலப் பின்னால் நகர்ந்தேன். எங்கள் குழிகளுக்குப் பொறுப்பாக ஓர் அம்மாள் இருந்தார். வாயில் கையால் சுருட்டிய சிகரெட், பேச்சு பாதி கெட்ட வார்த்தை. அவர் எல்லோரையும் கூப்பிட்டு, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் நான் செய்த காரியத்தை எங்கள் கடைமடைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அண்டை வெட்டினேன். என் பக்கத்துச் சுவரை, வேரும் உதிரியும் போகட்டும் என்று, சின்ன மண்வெட்டியால் ஒரு விரல் கனம் சீவி நிறுத்துவேன். பளபளவென்று இருக்கும். எல்லையைக் காட்டக் கட்டியிருந்த கயிறு சுவரை விட்டுத் தள்ளித் தொங்குவது கண்ணை உறுத்தும். அதையும் ஆணியோடு பிடுங்கிப் புது ஓரத்தில் கட்டிவிடுவேன். கயிறுதானே, அது மண் இருக்கிற இடத்துக்கு வரட்டும்! மூன்று வாரம் இப்படி. அதைத் தப்பு என்று நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கை செய்தது.

பக்கத்துக் குழி ஒரு மாணவனுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நல்ல மாதிரி, பத்து மணிக்கு எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டு வருவான். நாலாவது வாரம் ஒரு நாள் நான் வாளி மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். அவன் என் வரப்பின் மேல் மண்டியிட்டு, அதன் தலையை வெட்டிக்கொண்டிருந்தான். என் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

மண்வெட்டி எப்போது கைக்கு வந்தது என்று தெரியாது. ஓடினேன். “எங்க வரப்பையாடா வெட்டுற?” என்று கத்தினேன். தமிழில், அப்பாவின் குரலில், ஓர் எழுத்து மாறாமல். மண்வெட்டி என் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்து இடது கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினான்.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

இறங்கிவிட்ட மண்வெட்டியை நிறுத்த முடியவில்லை, திருப்பத்தான் முடிந்தது. அவன் முட்டிக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் இறங்கி, அந்த இடமே பொலபொலவென்று சரிந்தது. யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சிகரெட் அம்மாள் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அளவு நாடாவை எடுத்து, சரியாத பக்கத்தில் சுவரை அளந்தார். ஒரு மீட்டர் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதியைக் காணோம். “எந்த வெட்டு முதல் வெட்டு?” என்று என்னைக் கேட்டார். அவர்கள் பாடத்தில் அது சாதாரணக் கேள்வி. ஒரு பள்ளத்தைக் குறுக்கே இன்னொரு பள்ளம் வெட்டினால், எது முந்தியது என்று கேட்பது. எனக்கு வடை வாசனை வந்தது. நான் வாயைத் திறந்து அவனைக் காட்டினேன். “வாயால் சொல்லாதே, மண்ணைப் பார்த்துச் சொல்” என்றார்.

பார்த்தேன். என் பக்கத்துச் சுவரின் அடியில், ஒவ்வொரு நாளும் மண்வெட்டி நின்ற இடம் குட்டிக் குட்டிப் படியாக இறங்கியது. அவன் பக்கத்தில் வெட்டே இல்லை. மேலே மட்டும் ஒரு கையகலப் பள்ளம். நான் பிடுங்கிய ஆணி முதலில் இருந்த ஓட்டையைத் தேடித் தோண்டியிருக்கிறான். கயிற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறான். “என்னுடையது” என்றேன்.

துரத்திவிடவில்லை. மிச்ச நாளுக்கு மண்வெட்டியைத் தொடக் கூடாது என்றார்கள்; பானை ஓடு கழுவ உட்காரவைத்தார்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான், ஆனால் அதற்குப் பிறகு எனக்கு முதுகைக் காட்டி அவன் உட்கார்ந்ததே இல்லை. ஐஸ் மாதிரித் தண்ணீரில் ஓட்டுச் சில்லுகளைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். என்னிடம் இருந்த ஒரே வாக்கியம் ஆட்டம் கண்டுவிட்டது. அவர் வெட்டியது எங்கள் வரப்பைத்தானா? யாருக்குத் தெரியும்? கயிறு போட்டு யார் பார்த்தது?

ஆவணியில் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் கடைமடையை எட்டிப் பார்க்கவில்லை. வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்பா கட்சி மாநாட்டுக்குப் போயிருந்தார், திரும்ப இரண்டு நாளாகும் என்றாள் அம்மா. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியும் கொத்துக்கரண்டியும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிழக்கு வரப்புக்குப் போனேன். வரப்புக்குக் குறுக்கே, எங்கள் வயலில் இரண்டு எட்டு, அந்தப் பக்கம் இரண்டு எட்டு, முட்டியளவு ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினேன். பக்கத்தைச் சீவித் தண்ணீர் தெளித்தேன். மண் பேசத் தொடங்கியது.

பழைய வரப்பின் அடிப்பகுதி கன்னங்கரேலென்று கெட்டியாக இருந்தது. அது இன்றைய வரப்புக்கு அடியில் இல்லை. எங்கள் வயலுக்குள், முழங்கை அளவுக்கும் மேலே தள்ளி, எங்கள் நெல் தாளுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்து கிழக்கே படி படியாக வெட்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று. அகல மண்வெட்டி, அப்பாவுடையது. நாங்கள் இந்தப் பக்கம் சீவச் சீவ, தண்ணீர் நிற்க வேண்டுமே என்று அந்த மனிதர் தன் நிலத்து மண்ணை எடுத்து அந்தப் பக்கம் பூசிப் பூசிக் கனம் கூட்டியிருக்கிறார். மூன்று பூச்சு. பட்டாவுக்கும் சாவுக்கும் நடுவே மூன்று சம்பா. மிராசுதாரின் வரப்பைத் தொடப் பயந்த கை, ஏழையின் வரப்பு என்றதும் மூன்று முறை தின்றிருக்கிறது. அவர் பக்கத்தில் மூன்றாவது பூச்சின் மேல் ஒரே ஒரு வெட்டு, பிறகு மழை மண் மூடியது. வரப்பைப் பழைய இடத்துக்குத் தள்ள ஆரம்பித்த முதல் காலை வேலை. அதைத்தான் நான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் நாலாவதாகவும் ஒரு படி இருந்தது, கடைசிப் படி. குறுகல், ஆழமில்லை. சின்ன மண்வெட்டி. கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் செத்த அடுத்த வருஷம், அம்மாவும் நானும். செத்தவரின் வரப்பிலும் நான் ஒரு வாய் தின்றிருக்கிறேன்!

“என்னம்மா தேடுற?”

அவர் மனைவி. தலையில் புல்லுக்கட்டு. அந்த மூன்று மாவை அத்தனை வருஷமும் தன் கையாலேயே உழைத்துச் சாப்பிட்டவள். எங்கள் வீட்டு ஆளோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

“உக்காருங்க” என்றேன். கீழத்தெரு மனுஷியை நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் உட்காரவில்லை. நான் பழைய வரப்பைக் காட்டினேன், படிகளைக் காட்டினேன், பூச்சுகளைக் காட்டினேன். அவள் குனிந்து அந்த மூன்று பூச்சையும் பார்த்தாள். ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

“இது அவுரு கையி” என்றாள். பிறகு, “இத பாக்கவா சீமைக்குப் போன? இங்கன குந்தியிருந்த என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. கோர்ட்டுலயும் சொன்னேன். என் பேச்சு ஏறல. ஒன் பேச்சுதான் ஏறுச்சு.”

நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. மாநாட்டிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிவிட்டுக் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. விவசாயி, மண் படிக்க அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

“குழிய மூடு.”

“முதல்ல வெட்டுனது நாமதாம்ப்பா.”

“மூடுடீங்கறேன். என் வரப்பு இது.”

“கயிறு போட்டுப் பாத்துக்குங்க” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை அவர் கடைசியாக யார் வாயில் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கரையில் கிடந்த என் மண்வெட்டியை எடுத்தார். அது ஏறியபோது என் இடது கை தானாக மடங்கித் தலைக்கு மேல் போனது. யாரும் சொல்லித்தருவதில்லை, அந்தக் கை எல்லோருக்கும் அப்படித்தான் போகும். கடைசி நொடியில் அப்பா மண்வெட்டியைத் திருப்பினார். வெட்டுவாய் மேலே போக, மொட்டையான கொண்டைப் பக்கம் என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. காய்ந்த தென்னை மட்டைச் சத்தம். பெற்ற மகள் என்பதால் திருப்பிப் பிடிக்க அவருக்கு நிதானம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த நிதானம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, “ஐயோ, எம்மவளே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் வந்தார். “கிட்ட வராதீங்க” என்றேன். அவள்தான் புல்லுக்கட்டைக் கீழே போட்டு, தன் முந்தானையைக் கிழித்து, ரத்தம் வழிந்த என் கையைக் கட்டினாள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் ரோடு வரைக்கும் நடந்தேன், அவளோடுதான் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார்.

“யாரும்மா அடிச்சது?”

“எங்கப்பா.”

“என்ன தகராறு? வரப்புத் தகராறா? முதல்ல வெட்டுனது யாரு?”

உலகத்தில் எங்கே போனாலும் எனக்கு இந்த ஒரு கேள்விதான் போலிருக்கிறது.

“எங்கப்பாதான். முதல்ல வரப்ப வெட்டுனாரு, மூணு வருஷம். அப்புறம் இவங்க வீட்டுக்காரர வெட்டுனாரு. அவரு மம்பட்டியக் கீழ போட்டுட்டுக் கையத் தூக்குனாரு, நான் பாத்தேன். அப்புறம் நான் ஒரு வெட்டு வெட்டுனேன். கோர்ட்டுல பாதி பதில் சொன்னேன். எல்லாத்தையும் எழுதுங்க.”

பேனா நின்றது. “எந்தக் கேசம்மா சொல்றீங்க? அதெல்லாம் தீர்ப்பாயி எத்தனையோ வருஷமாச்சு. செத்தவன் செத்தான், பெத்தவரு உள்ள போவணுமா? இன்னிக்குள்ளத மட்டும் சொல்லுங்க.”

“செத்தவரு” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அவளுடைய கை முழுக்க என் ரத்தம் காய்ந்திருந்தது.

“அது சொல்றத எழுதிக்குங்க சார்” என்றாள். “அது சொன்னாத்தான் ஏறும்.”